கணிப்பொறி சொல்லும் மழையை நம்பி விதைக்கலாமா?

மானாவாரி விவசாயி ஓர் ஆண்டில் செய்யும் வேலைகளில், விதைக்கும் நாளைத் தீர்மானிப்பதுபோல் கடினமான வேலை வேறில்லை. முதல் மழையை நம்பி விதைத்து, அதன் பிறகு இருபது நாள் வானம் வெளிறிக் கிடந்தால் முளைத்தது கருகிவிடும். விதையும் உழவுக் கூலியும் போனதோடு, மறு விதைப்புக்குக் கடன் தேடி அலைய வேண்டும். அதற்கு அஞ்சிப் பொறுத்திருந்து விதைத்தாலோ, பயிர் கதிர் வாங்கும் நேரத்தில் மழை முடிந்துவிடும். பஞ்சாங்கம், காற்றின் திசை, பக்கத்துக் காட்டுக்காரர் ஏர் பூட்டிவிட்டாரா என்ற பார்வை, இவற்றைக் கொண்டே இந்த முடிவு தலைமுறை தலைமுறையாக எடுக்கப்பட்டு வந்திருக்கிறது.

இப்போது இந்த முடிவில் யோசனை சொல்லப் புதிதாக ஒன்று வந்து சேர்ந்துள்ளது. நகரங்களில் கணக்கு எழுதுபவர் முதல் கணிப்பொறிக்கு நிரல் எழுதுபவர் வரை எல்லோருடைய வேலையையும் அசைத்துப் பார்க்கும் செயற்கை நுண்ணறிவுதான் அது. பழைய விவரங்களை ஏராளமாகக் கணிப்பொறிக்குக் கொடுத்து, அவற்றில் உள்ள ஒழுங்கைத் தானாகவே கண்டுகொள்ளப் பழக்கி, பிறகு புதிய நிலைமைக்கு அது என்ன சொல்கிறது என்று கேட்பதே இதன் சாரம். அலுவலகத்தில் இருப்பவருக்கு அது போட்டியாளராக வருகிறது. விவசாயியிடமோ ஆலோசகராக வருகிறது. ஆலோசனை தவறினால் நட்டம் ஆலோசகருக்கு இல்லை என்பதை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

3.8 கோடி பேருக்குச் சென்ற செய்தி

2025ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவத்துக்கு முன்பாக, மத்திய வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்கு செல்போன் குறுஞ்செய்தி அனுப்பியது. அவரவர் பகுதியில் மழை எப்போது தொடங்கும் என்பது நான்கு வாரம் முன்கூட்டியே அதில் தெரிவிக்கப்பட்டது. கூகுள் நிறுவனத்தின் 'நியூரல் ஜிசிஎம்' என்ற கணிப்பு முறையையும், ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் 'ஏஐஎஃப்எஸ்' என்ற முறையையும், இந்திய வானிலைத் துறையின் 125 ஆண்டு மழைப் பதிவுகளையும் சேர்த்து இந்தக் கணிப்பு தயாரிக்கப்பட்டது.

அந்த ஆண்டு பருவமழை கேரளத்தில் மே 24ஆம் தேதியே தொடங்கிவிட்டது. 2009க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் தொடங்கியதில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் நல்ல காலம் பிறந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் மழை வடக்கே நகராமல் சுமார் 20 நாள் நடுவழியில் நின்றுவிட்டது. இந்த இடைநிறுத்தத்தைக் கணிப்பு முன்கூட்டியே காட்டியது. தொடக்க மழையின் வேகத்தைப் பார்த்து விதைக்க இருந்தவர்களுக்கு இது விதையைக் காப்பாற்றித் தந்த செய்தி. மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் தொலைபேசி வழியே விசாரித்ததில், 31 முதல் 52 சதவீத விவசாயிகள் நிலம் தயாரிப்பதிலும் விதைக்கும் நாளிலும் மாற்றம் செய்ததாகக் கூறினர்.

முன்பெல்லாம் வானிலைக் கணிப்பு என்றால் காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றின் இயற்பியல் சமன்பாடுகளைப் பெரிய கணிப்பொறியில் மணிக்கணக்கில் தீர்த்தாக வேண்டும். புதிய முறைகள் பெரும்பாலும் பழைய வானிலைப் பதிவுகளைப் பாடமாகப் படித்துப் பழகியவை. 2023இல் வெளியான 'கிராஃப்காஸ்ட்' என்ற முறைக்கு 1979 முதல் 2017 வரையிலான 39 ஆண்டு வானிலை விவரம் கற்பிக்கப்பட்டது. பத்து நாள் வானிலையை அது ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது. செலவு குறைந்ததால், ஒரே நாளுக்குப் பல கணிப்புகளைப் போட்டுப் பார்த்து, அவற்றில் எத்தனை மழை என்கின்றன, எத்தனை இல்லை என்கின்றன என்று எண்ண முடிகிறது. 'மழைக்கு 70 சதவீத வாய்ப்பு' என்பது இப்படித்தான் பிறக்கிறது.

எழுபது சதவீதம் என்றால் என்ன?

பெரும்பாலான தடுமாற்றம் இங்கேதான். 70 சதவீதம் என்று வந்தால் மழை வரும் என்று எடுத்துக்கொள்கிறோம். வராவிட்டால் கணிப்பு பொய் என்று தள்ளிவிடுகிறோம். இரண்டுமே சரியன்று. இதே போன்ற நிலைமை பத்து முறை ஏற்பட்டால் ஏழு முறை மழை வரும், மூன்று முறை வராது என்பதே அதன் பொருள். அந்த மூன்றில் ஒன்று இந்த ஆண்டாகவும் இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விதைக்கும் விதைப்புக் கூலிக்கும் ஏக்கருக்கு 3,000 ரூபாய் செலவாவதாகவும், உரிய காலத்தில் விதைப்பதால் தாமதமாக விதைப்பதைவிட ஏக்கருக்கு 2,500 ரூபாய் கூடுதலாகக் கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 70 சதவீதச் செய்தியை நம்பிப் பத்து ஆண்டு விதைத்தால் ஏழு முறை 2,500 வீதம் 17,500 ரூபாய் வரவு. மூன்று முறை 3,000 வீதம் 9,000 ரூபாய் நட்டம். மிச்சம் 8,500 ரூபாய். ஆகவே விதைப்பதே லாபம் என்று கணக்கு சொல்லும்.

இந்தக் கணக்கு பத்து ஆண்டும் தாக்குப்பிடிக்கக் கூடியவருக்கு உரியது. நட்டம் வரும் மூன்று ஆண்டுகளில் இரண்டு தொடக்கத்திலேயே வந்துவிட்டால், நகையை அடகு வைத்து விதை வாங்கியவர் மூன்றாம் ஆண்டில் விதைக்கவே முடியாமல் போகலாம். பின்னால் வரும் ஏழு நல்ல ஆண்டுகள் அவருக்குக் கிடைப்பதே இல்லை. ஐம்பது ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஏற்ற முடிவு மூன்று ஏக்கர்காரருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை. செல்போனுக்கு வரும் செய்தியோ இருவருக்கும் ஒன்றுதான். கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கடன், வீட்டில் தானியம் உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஆகவே வாய்ப்பு 60, 70 சதவீதம் என்ற அளவில் இருக்கும்போது, மூன்று ஏக்கரில் ஒன்று அல்லது ஒன்றரை ஏக்கரை மட்டும் முதலில் விதைத்துவிட்டு, மீதியை அடுத்த செய்தி வரும் வரை நிறுத்தி வைப்பதே சிறு விவசாயிக்குப் பொருத்தம். லாபம் சற்றுக் குறையலாம். ஒரே மழையில் எல்லாம் போகாது.

முன்னறிவிப்பு விவசாயியின் வேலையை எப்படி மாற்றுகிறது என்பதைத் தெலங்கானாவில் 250 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு நன்றாகக் காட்டுகிறது.  பருவமழை தொடங்கும் காலம் சில கிராமங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. தாங்கள் எதிர்பார்த்ததைவிட மழை தாமதமாகும் என்று அறிந்தவர்கள் சாகுபடிப் பரப்பை ஏறத்தாழ 22 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள். இடுபொருளுக்குச் செலவிடுவதையும் குறைத்து, விவசாயம் சாராத தொழில்களில் கவனம் செலுத்தினார்கள். கெட்ட செய்திக்கும் பயன் உண்டு என்பது இதில் தெரிகிறது. மழை வராத ஆண்டில் செலவழிக்காமல் விட்ட பணமும் வருமானமே.

நம் பகுதிக்கு எவ்வளவு பொருந்தும்?

2025இல் அனுப்பப்பட்ட செய்தி தென்மேற்குப் பருவமழைக்கானது. கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைக் கரிசல் நிலங்களில் மானாவாரிச் சாகுபடி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. அந்த மழையில் பெரும்பகுதி காற்றழுத்தத் தாழ்வுகளையும் புயல்களையும் ஒட்டி வருகிறது. இரண்டு புயலில் ஆண்டு மழை முடிந்துபோவதும் உண்டு. ஆகவே தென்மேற்குப் பருவத்தில் ஒரு கணிப்பு பலித்ததை வைத்து, இங்கும் அப்படியே பலிக்கும் என்று முடிவு கட்டுவது அவசரம்.

இன்னொரு குறைபாடும் உண்டு. இம்முறைகளில் பலவும் பூமியைச் சுமார் 25 முதல் 30 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்துக்குள் இருபது, முப்பது கிராமங்கள் அடங்கிவிடும். கிழக்கூரில் பெய்து மேற்கூரில் பெய்யாத மழை அந்தக் கணக்கில் தெரியாது.

பழைய பதிவுகளைப் படித்துப் பழகிய கருவி, பதிவில் இல்லாத ஒன்று வரும்போது என்ன செய்யும்? சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். கடும் புயல்கள் பற்றிய விவரங்களை மட்டும் பாடத்திலிருந்து நீக்கிவிட்டு ஒரு கணிப்பு முறையைப் பழக்கினார்கள். பிறகு கடும் புயல் உருவாகும் சூழ்நிலையைக் காட்டியபோது, அது சிறிய புயல் வருவதாகவே சொன்னது. காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானதை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய மழைக்குக் கருவி படிக்கப் பழைய பாடம் மிகக் குறைவு. எனவே வரப்பில் வடிகால் வெட்டுவது, பண்ணைக் குட்டையின் உபரி நீர்ப் போக்கியைச் சீர் செய்வது ஆகியவற்றைக் கணிப்பு எதுவும் சொல்லாவிட்டாலும் பருவத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

கணிப்பு சரியோ தவறோ, இழப்பைக் குறைக்கும் பழகிய முறை ஒன்று உண்டு. சோளத்தில் விதையைக் கடினப்படுத்தி, பருவமழைக்கு முன்னதாக விதைக்கலாம். ஒரு கிலோ விதைக்கு 350 மில்லி தண்ணீரில் 7 கிராம் பொட்டாசியம் டை-ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் விதையை 6 மணி நேரம் ஊற வைத்து, நிழலில் பழைய ஈரப்பத நிலைக்கு உலர்த்த வேண்டும். இந்த விதையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் சிறு தூறலுக்கு முளைக்காது. நிலம் நனையும் நல்ல மழை கிடைத்த பிறகே முளைக்கும். கோவில்பட்டிப் பகுதியில் செப்டம்பர் கடைசி வாரத்தை ஒட்டி இப்படி விதைக்கலாம். தவறான தொடக்க மழையில் ஏமாறும் வாய்ப்பு இதனால் குறைகிறது.

இலையைப் படம் பிடித்தால் போதுமா?

பூச்சி, நோய்களைக் கண்டறியவும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. மத்திய அரசு 2024 ஆகஸ்டு 15இல் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறையில், 61 பயிர்களில் 400க்கும் மேற்பட்ட பூச்சிகளைப் படத்தைக் கொண்டு அடையாளம் காண வழி செய்யப்பட்டுள்ளது. ஆப்பிரிக்காவில் மரவள்ளித் தேமல் நோயைக் கண்டறிய 'நூரு' என்ற செயலி பயன்படுகிறது. இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும்.

இவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 14 பயிர்களின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு கணிப்பொறி பழக்கப்பட்டது. அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்திருந்த படங்களைக் காட்டியபோது 99 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் காட்டியபோது சரியாகச் சொன்னது ஏறத்தாழ 31 சதவீதம்தான். பழக்கிய படங்கள், இலையைக் கிள்ளி ஒரே நிறப் பின்னணியில் வைத்து எடுத்தவை. வயலில் அப்படியா இருக்கிறது? நிழலும், சேறும், பக்கத்து இலையும், பனித்துளியும் சேர்ந்தே படத்தில் விழும். அதன் பிறகு இத்தொழில்நுட்பம் முன்னேறியிருக்கிறது என்றாலும், நூறு சதவீதம் சரி என்று எவராவது விளம்பரம் செய்தால் எந்த வயலில் சோதித்தது என்று கேட்பது நம் உரிமை.

படத்தில் தெரியாத நோய்களும் உண்டு. நெல்லில் புகையான் தாக்கும்போது மேல் இலையைப் படம் பிடித்தால் ஒன்றும் தெரியாது. பூச்சி தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருக்கும். தூரை விலக்கிப் பார்க்க வேண்டும். தூருக்குக் குறைந்தது ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லையென்றால் சிம்புக்கு ஒரு பூச்சி என்ற அளவிலேயே நடவடிக்கை எடுக்க வேண்டும். சிலந்தியையும் சேர்த்து எண்ணும் வேலையை இன்னமும் கண்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அதுபோலவே நெற்பயிர் மஞ்சளாவது தழைச்சத்துக் குறையாலும் இருக்கலாம், துத்தநாகக் குறையாலும் இருக்கலாம், துங்ரோ நச்சுயிரி நோயாலும் இருக்கலாம். முதலாவதில் அடி இலைகள் சீராக வெளுக்கும். இரண்டாவதில் நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடி இலைகளில் துருப்போன்ற பழுப்புப் புள்ளிகள் காணும். மூன்றாவதில் பயிர் குட்டையாகி, இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். பச்சைத் தத்துப்பூச்சியும் வயலில் இருக்கும். ஒரே ஒரு இலைப் படத்தை அனுப்பினால் கருவி மூன்றில் ஒன்றை ஊகித்துச் சொல்லும். எனவே தனி இலை ஒன்று, முழுச் செடி ஒன்று, வயலின் தோற்றம் ஒன்று என மூன்று படங்களைக் காலை வெயிலில் எடுப்பது நல்லது. கருவி மருந்தின் பெயரைச் சொன்னாலும், அளவை மருந்துப் புட்டியின் அச்சிட்ட தாளோடு ஒப்பிடாமல் தெளிக்கக் கூடாது. எழுத்தில் கேள்வி கேட்டுப் பதில் பெறும் கருவிகள், தெரியாததையும் தெரிந்ததுபோல் சரளமாகச் சொல்லக் கூடியவை.

கூலி வேலைக்கு என்ன ஆகும்?

சிறு விவசாயிகளில் பலர் தம் காட்டு வேலை முடிந்ததும் பிறர் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். அந்த வேலையும் மாறுகிறது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் மருந்துக் கரைசல் தேவைப்படும் இடத்தில், ட்ரோன் சுமார் 10 லிட்டரில் சில நிமிடத்தில் முடித்துவிடுகிறது. 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். விஷ மருந்தை முதுகில் சுமந்து தெளிக்கும் வேலை ஒழிந்தால் நல்லதே. அந்தக் கூலி எங்கே போகும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தெளிப்பாளராக இருந்தவரே ட்ரோன் இயக்கப் பழகும்படி குழுக்கள் ஏற்பாடு செய்தால் பணம் ஊரிலேயே தங்கும்.

களையெடுப்பைப் பற்றி இப்போதைக்குப் பெரிய அச்சம் வேண்டாம். அமெரிக்காவில் காமிராவால் களையை மட்டும் அடையாளம் கண்டு மருந்து தெளிக்கும் இயந்திரங்கள் வந்துள்ளன. அவை மக்காச்சோளம், சோயா, பருத்தி என்று ஒரே பயிர் விதைத்த பரந்த நிலங்களுக்காகச் செய்யப்பட்டவை. சோளத்துக்கு இடையே தட்டைப்பயறு விதைத்த அரை ஏக்கர் துண்டுக்கு அந்த இயந்திரம் திரும்பக்கூட முடியாது.

நகரத்தில் கணிப்பொறி வேலை பார்க்கும் மகனோ மகளோ அனுப்பும் பணத்தை நம்பிக் கிணறு ஆழப்படுத்தவும், டிராக்டர் வாங்கவும் நீண்ட காலக் கடன் எடுப்போர் இருக்கிறார்கள். அந்த வேலைகளே இப்போது நிச்சயமற்றவையாகி வருகின்றன. மானாவாரி மழையை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவே அந்த வருமானத்தையும் நம்பி, தவணையை நிலத்தின் வருமானத்துக்குள் அடங்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

இழப்பைக் கணக்கிடுவதும் கணிப்பொறி

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2023 காரீப் பருவம் முதல் நெல், கோதுமை மகசூலை மதிப்பிடும்போது, செயற்கைக்கோள் படம் முதலிய தொழில்நுட்பத்தால் பெறும் மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத இடம் தரும் முறை கொண்டுவரப்பட்டது. அறுவடைச் சோதனையில் நேரும் முறைகேட்டையும் தாமதத்தையும் குறைப்பது இதன் நோக்கம். ஆனால் மேலிருந்து பார்க்கும்போது பசுமையாகத் தெரியும் வயலில் கதிர் பதராகவும் இருக்கக் கூடும். ஆகவே விவசாயியிடமும் தன் பக்கத்துச் சான்று இருக்க வேண்டும். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற தனித்த இடர்ப்பாட்டில் 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவித்தாக வேண்டும். தேதி தெரியும்படி வயலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மழை அளவையும் வீட்டிலேயே குறிக்கலாம். பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அதில் நிற்கும் தண்ணீரை அளவுகோலால் அளந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் உயரம் ஒரு மில்லிமீட்டர் மழை. 10 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் விழுந்ததாகக் கணக்கு. ஒரு நோட்டில் தேதி, வந்த கணிப்பு, உண்மையில் பெய்த மழை என மூன்று கட்டம் போட்டு எழுதி வந்தால், இரண்டு மூன்று பருவத்தில் தன் காட்டுக்கு அந்தக் கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்பது அவரவருக்கே தெரிந்துவிடும்.

வானிலைத் துறையின் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்டவாரியாக அடுத்த ஐந்து நாளுக்கு வெளியிடப்படுகிறது. 'மேகதூத்' செயலியில் தமிழிலும் பார்க்கலாம். செல்போன் செயலி பழகாதவர்கள் 1800 180 1551 என்ற கிசான் அழைப்பு மையக் கட்டணமில்லாத் தொலைபேசியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். விதைக் கடினப்படுத்தலுக்கான மருந்து பற்றியும், காப்பீட்டுக் கடைசித் தேதி பற்றியும் அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.